தூண் ஒன்றை நீக்கிப் பார்த்தால் மேலே உள்ள பீம்கள் தாங்கவில்லை, எங்கே திருத்துவது?

கேள்வி:
ஆறு மாடி கான்கிரீட் கட்டடம். தரைத்தளத்தில் வெளிவரிசையின் நடுத் தூண் ஒன்று போய்விட்டால் என்ன ஆகும் என்று மென்பொருளில் அதை நீக்கிப் பார்த்தேன். அதற்கு மேலே எல்லா மாடியிலும் பீம்கள் தோற்கின்றன. பக்கத்துத் தூண்களைப் பெரிதாக்கினேன், பீம் ஆழத்தையும் கூட்டினேன், பலனில்லை. வழக்கமான சுமைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
அந்தத் தூணின் மேல் பீமின் அடிக்கம்பி எப்படிப் போகிறது என்று முதலில் பாருங்கள். தூண் இருக்கும்வரை அங்கே இழுவிசை பீமின் மேல்பக்கம். அதனால் மேல்கம்பி நிறைய இருக்கும், அடிக்கம்பி தூணுக்குள் கொஞ்சம் நுழைந்து நின்றுவிடும். தூண் போனதும் இரண்டு பக்கத்து பீமும் சேர்ந்து ஒரே நீள பீம் ஆகிவிடும், இழுவிசை அடிப்பக்கம் வந்துவிடும். நீளம் இரட்டித்தால் மொமென்ட் (பீமை வளைக்கும் விளைவு) ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த இடத்தில் அடிக்கம்பியே அறுந்து நிற்கும்போது ஆழத்தைக் கூட்டி என்ன பயன்? அடிக்கம்பியைத் தூண் வழியாகத் தொடர்ந்து கொண்டுபோங்கள். லேப்பை (இரண்டு கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று சேரும் இணைப்பை) தூண் முகத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

அப்புறம், தூண் சட்டென்று போவதற்காகச் சுமையை இரட்டித்தீர்களா? முழுப் பயன்பாட்டுச் சுமையையும் (ஆட்கள், பொருள்களின் எடை) சேர்த்து இரட்டித்திருந்தால் அது மிகை. இப்படிப்பட்ட அசாதாரண நிலைக்கு அதில் ஒரு பங்கை எடுப்பதுதான் வழக்கம்.

கேட்டவர்:
நன்றி சார். அடிக்கம்பி தூணுக்குள்தான் நிற்கிறது. நிலநடுக்க விதிப்படி கம்பி கட்டினால் போதுமா?

பதில் 2:
நிறையவே உதவும், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். மூலைத் தூணையும் நீக்கிப் பாருங்கள். அங்கே மறுபக்கம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பீம் கான்டிலீவர் (ஒரு முனை மட்டும் பிடிப்புள்ள பீம்) ஆகிவிடும், மேல்கம்பிதான் காப்பாற்ற வேண்டும். லண்டன் ரோனன் பாயிண்டில் 1968இல் 18ஆம் மாடி மூலை வீட்டில் எரிவாயு வெடித்து, சுமை தாங்கிய சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட்டது. மேலே இருந்தவை விழ, அந்தப் பாரத்தில் கீழ்த்தளங்களும் சரிந்து, 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலையே போய்விட்டது. 4 பேர் இறந்தார்கள். பலகைகளுக்கு இடையே உறுதியான பிணைப்பு இல்லாததுதான் காரணம்.

மேலிருந்து வரும் தூண் ஏதாவது கீழே இறங்காமல் ஒரு பெரிய பீமில் உட்காருகிறதா? இருந்தால் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். 1995இல் ஓக்லஹோமாவில் குண்டு வெடித்த அரசுக் கட்டடத்தில் அப்படி ஒரு பீம் இருந்தது. அதைத் தாங்கிய தூண்கள் போனபோது மேல்தளங்களும் கூடவே போயின.

கேட்டவர்:
எல்லாத் தூணும் நேராகவே இறங்குகின்றன. அடிக்கம்பியைத் தொடர்ச்சியாக்கி, சுமையையும் திருத்தி ஓட்டினேன். நடுத் தூண் நீக்கம் தேறிவிட்டது. மூலையில் கூரை பீம் மட்டும் இன்னும் தோற்கிறது, அங்கே மேல்கம்பியைக் கூட்டிப் பார்க்கிறேன்.