லிக்னினைக் குறைத்தால் சம்பா சாயுமா?

வெண்ணாறு: தண்டை விறைப்பாக நிறுத்தும் லிக்னின் என்ற பொருளின் ஜீனை அடக்கினால் வைக்கோல் மிருதுவாகும், மாட்டுக்கு நன்றாகச் செரிக்கும், டெல்டா நெல்லில் உடனே செய்யவேண்டும் என்று ஒருவர் நேற்று இங்கே எழுதியிருக்கிறார். தை மழையில் படுத்த சம்பாவை அள்ளிப் பார்த்திருக்கிறாரா? கதிர் சேற்றிலேயே முளைவிடும். லிக்னினைக் குறைத்தால் பயிர் சாயும்.

குடவாசல் தம்பி: எழுதியது நான்தான் அண்ணே. பழுப்பு நடுநரம்பு மக்காச்சோளத்தை அமெரிக்காவில் 1924லேயே பார்த்துவிட்டார்கள். லிக்னின் கட்டும் நொதியின் ஜீன் பழுதான செடி அது. தட்டை மாட்டுக்கு எளிதில் செரிக்கிறது. நெல்லிலும் உண்டு: லிக்னின் கட்டும் சிஏடி என்ற நொதியின் ஜீன் கெட்டால் உமியும் கணுவிடையும் பொன்னிறமாகும்.

வெண்ணாறு: கணுவிடை என்றால் தண்டுதானே? அங்கேயே கைவைத்தாயிற்று. அந்த மக்காச்சோளம் சாய்வதுண்டு, விளைச்சல் குறைவதும் உண்டு. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். சாயும்.

பொன்மணி: ஐயா, 1966ல் வந்த ஐஆர் 8 என்ற குட்டை நெல் ரகம் சாயாமல் நின்றது லிக்னினாலா? எஸ்டி1 ஜீனால் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைந்தது, தண்டு குட்டையாயிற்று. உயரத்தின் ஜீன் வேறு, லிக்னின் ஜீன் வேறு.

வெண்ணாறு: குட்டை ரகத்துக்கு யூரியாவை அள்ளிக் கொட்டிப் பாருங்கள், அதுவும் படுக்கும். தழைச்சத்து மிஞ்சினால் தண்டில் லிக்னின் குறைகிறது. ஆய்வகத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை, வரப்பில் நின்று சொல்கிறேன். சாயும்.

குடவாசல் தம்பி: ஜீனை முழுக்க அணைக்கச் சொல்லவில்லையே. எம்ஒய்பி புரதங்கள்தான் லிக்னின் ஜீன்களை ஏற்றி இறக்குகின்றன. தண்டை விட்டுவிட்டு இலையில் மட்டும் இறக்கலாமே?

நீடாமங்கலத்தார்: வைக்கோலில் செரிமானத்தைக் கெடுக்கும் சிலிக்காவும் கிடக்கிறது, அதை யாரும் பேசக் காணோம். இப்போது மாடு யார் வீட்டில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

வெண்ணாறு: எங்கள் வீட்டில் இருக்கிறது, உங்களைப்போல் விற்றுவிடவில்லை. இலையில் மட்டுமாம்! தம்பி, போன தையில் எனக்குப் பேசிய அறுவடை மெஷினை உங்கள் மச்சான் வயலுக்குத் திருப்பிய ஆள்தானே நீங்கள்?

குடவாசல் தம்பி: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? முந்தின வருட வாடகை பாக்கி யாருடையது என்று டிரைவரைக் கேளுங்கள்.

வெண்ணாறு: பாக்கியா? ரசீது இருக்கிறது. மெஷின் தாமதமானதால்தான் என் பயிர் மழையில் மாட்டிப் படுத்தது.

பொன்மணி: அப்போது லிக்னினால் படுக்கவில்லை?

வெண்ணாறு: பேச்சை மாற்றாதீர்கள். ரசீதைப் படம் எடுத்துப் போடுகிறேன், இருங்கள்.