கொம்பு வண்டு, கூன்வண்டு: ரெண்டும் ஒண்ணா?

தோப்புக்காரன்:
எங்க தென்னைக்கு ஏழு வயசு. இப்ப விரியுற மட்டையெல்லாம் கத்திரி போட்ட மாதிரி முக்கோண வெட்டோட வருது, இதுக்கு நடுவுல ஒரு மரத்துல தண்டுலருந்து காவி கலர்ல தண்ணி வேற வடியுது. பக்கத்து தோட்டத்து அண்ணன் ரெண்டும் கொம்பு வண்டு வேலைங்கிறார். ஆனா கீழ கிடந்தது செவப்பா, தும்பிக்கை மாதிரி நீட்டு மூக்கோட இருந்துச்சு, கொம்பையே காணோம். பொண்ணு வண்டா இருக்குமோ?

எருக்குழி:
இல்லீங்க, அது வேற சாதி. கொம்பு வண்டுல பொண்ணுக்கும் கொம்பு உண்டு, ஆணுக்கு நீளம் ஜாஸ்தி, அவ்ளோதான். கறுப்பா இருக்கும், ராத்திரிதான் வரும். இன்னும் விரியாத குருத்தை துளைச்சு சாறு குடிக்கும், அதான் விரிஞ்சப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டு தெரியுது. அதோட புழு உங்க மரத்துல இருக்கவே இருக்காது, எருக்குழியிலயும் மக்கின கட்டையிலயும் குண்டா அரைவட்டமா சுருண்டு கிடக்கும், ஆறு காலும் இருக்கும்.

கறக்முறக்:
நீங்க பாத்தது செவப்பு கூன்வண்டு. இங்க கதை அப்படியே தலைகீழ், வண்டால பெருசா சேதம் இல்ல, புழுதான் எமன். அதுக்கு காலே கிடையாது, தண்டுக்குள்ளயே பொறந்து தின்னுக்கிட்டே போறதுக்கு கால் எதுக்கு? கடைசில நாரை சுத்தி கூடு கட்டி அதுக்குள்ள படுத்துக்கும். காவி தண்ணி வடியுற இடத்துல காதை வெச்சு கேளுங்க, மெல்லுற சத்தம் கேக்கும். பொண்ணு வண்டு மூக்கால துளை போட்டுத்தான் முட்டை வைக்கும், அதுக்கு இளசான இடமோ காயமோ வேணும். கொம்பு வண்டு போட்ட ஓட்டை அதுக்கு திறந்த கதவு, அதனால அண்ணன் சொன்னது பாதி சரி.

எருக்குழி:
பச்சை மட்டையை தண்டோட ஒட்டி வெட்டாதீங்க, நாலடி விட்டு வெட்டுங்க. வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டின மட்டை இடுக்குல போடுங்க. எருக்குழியில மெட்டாரைசியம் பூஞ்சை போடுங்க, அது கொம்பு வண்டு புழுவை கொல்லும். வாசனை காட்டி வண்டை இழுக்குற இனக்கவர்ச்சி பொறி வாங்கினா எந்த வண்டுக்குன்னு கேட்டு வாங்குங்க, ஒண்ணோட வாசனைக்கு இன்னொண்ணு வராது. நான் மாத்தி வாங்கி மூணு மாசம் சும்மா தொங்கவிட்டவன்.

தோப்புக்காரன்:
காது வெச்சேன், கேக்குதுங்க. அந்த செவப்பு வண்டு மூக்கு மேல பிரஷ் மாதிரி முடி இருக்கே, அது என்ன?

கறக்முறக்:
அப்ப அது ஆணு. முட்டை வெச்சது வேற ஒருத்தி.