வயல் குத்தகையில், உர மானியம் அப்பாவின் கணக்கில். யாருக்குச் சேரும்?

வெள்ளவத்தைவாசி:
கிளிநொச்சியில் அப்பாவின் பெயரில் 4 ஏக்கர் வயல் இருக்கிறது. நாங்கள் கொழும்புக்கு வந்து பதினொரு வருடம், வயலை ஊரில் தெரிந்த அண்ணை ஒருவருக்கு ஏக்கருக்கு 6 மூடை நெல் என்று வாய்ப்பேச்சில் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். 2024/25 காலபோகத்துக்கு (மாரி மழையோடு செய்யும் பெரும்போகம்) ஹெக்டேயருக்கு 25,000 ரூபா உர மானியம் கொடுத்தார்கள்தானே, அது அப்பாவின் கணக்குக்கு வந்தது, 40,000 சொச்சம். அவர் கண் ஒப்பரேஷனுக்கு எடுத்துவிட்டார். இப்போது அண்ணை விடியக்காலையில் கோல் எடுக்கிறார், பின்னால் லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷின் இரைகிறது, "தம்பி, உரம் முழுக்கக் கடைக் கடன், அந்தக் காசை நம்பித்தான் எடுத்தனான்" என்கிறார். அப்பாவோ காணி என்னுடையது, காசும் என்னுடையது என்று நிற்கிறார். யார் சரி? அடுத்த போகத்துக்குக் கணக்கை மாற்ற முடியுமா?

பரந்தன் பொடியன்:
காணிக்குத்தான் 24 மூடை வாங்குகிறீர்களே, பிறகென்ன? உரக் காசு உரம் போட்டவனுக்கு. ஒன்று கேட்கிறேன், 2021இல் இரசாயன உர இறக்குமதியை மே மாதம் நிறுத்தி நவம்பரில்தான் திரும்ப விட்டார்கள், அந்தப் போகம் நெல் மஞ்சளடித்து நின்றதே, அப்போது குத்தகையைக் குறைத்தீர்களா?

வெள்ளவத்தைவாசி:
2 மூடை குறைத்தோம். ஏக்கருக்கு இல்லை, மொத்தமாக. இங்கே எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பென்சன்காரர்:
தம்பிமார் சண்டை வேண்டாம். நான் கமநல சேவையில், அதாவது கமக்காரரின் பதிவு, மானிய வேலைகளைப் பார்க்கும் அரச திணைக்களத்தில், இருந்து ஓய்வு பெற்றவன். முந்தி இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. 2005க்குப் பிறகு 50 கிலோ பை 350 ரூபாவுக்குக் கொடுத்த காலத்தில் யார் பெயரில் பதிந்தாலும் பை கடைசியில் வயலுக்குத்தான் போகும், கொழும்பில் இருப்பவர் யூரியாவை வைத்து என்ன செய்வது? 2016இல் பைக்குப் பதிலாகக் காசு என்றார்கள், ஹெக்டேயருக்கு வருடம் 25,000. அன்றைக்கே தொடங்கியது. 2018இல் 500 ரூபாப் பைக்குத் திரும்பினார்கள், 2020இல் இலவசம், 2022/23 காலபோகத்தில் இருந்து மறுபடி காசு. காசு கமநல இடாப்பில், அதாவது பதிவேட்டில், உள்ள பெயருக்குப் போகும், அதுவும் 2 ஹெக்டேயர் வரைதான்.

மாற்றலாம். விதைப்புக்கு முன்னரே கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள், அப்பாவின் சம்மதக் கடிதம், செய்கை பண்ணுபவரின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகப் பிரதி, கமக்காரர் அமைப்பின் உறுதிப்படுத்தல் எல்லாம் கையோடு இருக்கட்டும். ஏக்கர் வரி நிலுவை இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். பட்டியல் போன பிறகு ஓடினால் அந்தப் போகம் போனதுதான்.

கொட்டாஞ்சேனை அக்கா:
சம்மதக் கடிதம் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள் ஐயா. எழுத்தில் கொடுத்தால் பிறகு குத்தகைக்காரரை வயலில் இருந்து எழுப்ப முடியாது என்றுதானே எங்கள் வீட்டில் ஒருவரும் கையெழுத்து வைப்பதில்லை.

பென்சன்காரர்:
பயம் சும்மா வந்ததில்லை பிள்ளை. அப்போதைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன 1958இல் கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது, இப்போது உள்ள 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்திலும் அது இருக்கிறது. அதனால்தான் பாதி வயல் வாய்ப்பேச்சில் ஓடுகிறது. உங்கள் நிலைமைக்கு ஒரு சட்டத்தரணியிடம் வாசகத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். அதுவரைக்கும் காசு வந்த கையோடு செய்கை பண்ணுபவருக்கு அனுப்பிவிட்டு, ரசீதைப் படமெடுத்து வைத்தால் போதும்.

வெள்ளவத்தைவாசி:
அப்பாவிடம் கதைத்தேன். பாதி தரலாம் என்றார், அம்மா உள்ளே இருந்து "முழுசாக் குடுங்கோ" என்றா. இன்றைக்கு 20,000 போட்டுவிட்டேன், மிச்சம் என் சம்பளத்தில். கடிதத்தைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.