மாட்டெலும்பு கிராஃப்ட் வச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம், நான் களியக்காவிளை பக்கம். அம்மைக்கு தாடை எலும்பு தேஞ்சு போச்சு, இம்பிளாண்ட் (எலும்புல பதிக்கிற செயற்கைப் பல்லு வேர்) வைக்க முதல்ல எலும்புப் பொடி நிரப்பணும்னு திருவனந்தபுரத்துல பல்லு டாக்டர் சொல்லிட்டாரு. குப்பிய கையில தந்தாரு, ரவை மாதிரி வெள்ளைக் குருணை, மாட்டெலும்புல எடுத்ததாம், சூடாக்கி புரதமெல்லாம் நீக்கி வெறும் தாதுதான் மிச்சம், உடம்பு எதிர்க்காதுன்னாரு.

ஆனா அம்மை மாட்டிறைச்சி சாப்பிட்டா நாலஞ்சு மணி நேரம் கழிச்சு உடம்பெல்லாம் தடிச்சுரும், ரெண்டு தடவ நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கோம். ஆல்ஃபா கேல்னு ஒரு சர்க்கரை மாடு பன்னி செல்லுல உண்டு மனுசனுக்கு கிடையாது, சிலருக்கு அதுதான் இந்த மாதிரி அலர்ஜி குடுக்கும். சுட்டெடுத்த பொடியில பயம் கம்மின்னு புரியுது, ஆனா பொடிக்கு மேல மூடுற மெம்பரேன்ங்கிற மெல்லிய சவ்வு கொலாஜன்ங்கிற புரதம், அதுவும் பெரும்பாலும் மாடு இல்லன்னா பன்னிதான், எனக்கு அதுதான் பெரிய கவலை.

இறைச்சி அலர்ஜி இருந்தும் இத வச்சவங்க இருந்தா எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. இந்த அலர்ஜி இருக்கான்னு ரத்தத்துல பாக்குற ஆல்ஃபா கேல் ஐஜிஈ டெஸ்ட் நாகர்கோவில்லயே எடுக்கலாமா? மாடே இல்லாத ட்ரைகால்சியம் பாஸ்பேட்ங்கிற செயற்கைப் பொடி கேட்டு வாங்கலாமா? அம்மை தாடையிலயே எலும்பு எடுக்கலாம்தான், ஆனா 67 வயசுல இன்னொரு காயம் வேண்டாம்னு மனசு சொல்லுது. வியாழக்கிழமை தேதி குடுத்துருக்காங்க, அதுக்குள்ள சொல்லுங்க ப்ளீஸ்.