ஸ்கூல் லேபுக்கு எந்த லைசென்ஸ் வாங்குவது?

வணக்கம் நண்பர்களே, பெரம்பூர் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். 40 மெஷின், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை பிள்ளைகள் மாறி மாறி உட்காருவார்கள். விண்டோஸ் 10, ஆஃபீஸ் 2016 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது, கரஸ்பாண்டென்ட் சாரும் கொட்டேஷன் கேட்டுவிட்டார்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் அடிமாட்டு விலைக்கு கீ தருகிறார், பில் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு சார்" என்கிறார். அந்த வம்பே வேண்டாம். ஓஇஎம் லைசென்ஸ் (புது மெஷினிலேயே போட்டு வருவது) அந்தந்த மெஷினோடு சரி, நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸில் வரும் விண்டோஸோ ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள மெஷினுக்கான அப்கிரேடு மட்டும்தான். அப்படியென்றால் லைசென்ஸே இல்லாமல் அசெம்பிள் செய்த பழைய பெட்டிகளுக்கு என்ன செய்கிறீர்கள்?

அப்புறம் ஆஃபீஸ். மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 365 ஏ1 திட்டம் பள்ளிகளுக்கு இலவசம், ஆனால் பிரவுசரில்தான் ஓடும். எங்கள் இணையமோ நல்ல மழை பெய்தாலே படுத்துவிடும். காசு கட்டி வாங்கும் ஏ3 திட்டம் ஆள் கணக்கில் வருகிறது, எங்களுக்கு மெஷின் கணக்குதான் தோது. பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்திலேயே ஓப்பன்ஆஃபீஸ்தான் இருக்கிறது, அதனால் லேபில் அதே வழியில் வந்த இலவச லிப்ரேஆஃபீஸ், ஆஃபீஸ் ரூமுக்கு மட்டும் காசு கொடுத்து வாங்குவது என்று என் யோசனை. யாராவது இப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்களா?

எந்த மெஷினில் எந்த கீ, எப்போது ரினியூவல் என்பதை எதில் எழுதி வைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். எங்களிடம் இருப்பது பீரோவுக்குள் ஒரு நோட்டு, பாதி பக்கம் கரையான்.