அலுவலகத்தில் கேளிக்கை வேண்டுமா, நல்ல மேலாளர் போதுமா?

கணக்கர்:
பாரிஸ் நகரத்து ஆலோசனை நிறுவனம் ஒன்று 2015-இல் தன் ஊழியர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது. நிறுவனத்தின் 'கேளிக்கை' மரபோடு அவர் ஒட்டவில்லை என்பதும், வாரக் கடைசியில் எல்லோரும் கூடிக் குடிக்கும் விருந்துகளுக்கு அவர் போகவில்லை என்பதும் அவர்மேல் சொல்லப்பட்ட குறைகளில் அடங்கும். அப்படி ஒதுங்கி நிற்பது அவருடைய கருத்துரிமை என்றும், அதற்காக அவரை நீக்க முடியாது என்றும் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது.

இதைப் படித்தபோது, பழைய மகாபலிபுரம் சாலையில் நான் முன்பு வேலை பார்த்த இடம் நினைவுக்கு வந்தது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நெருக்கடிக்கு நடுவே, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பலூன் ஊதும் போட்டி நடக்கும்; வராதவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். அதை உற்சாகமாக நடத்திய அதே மேலாளர், என் தந்தையின் கண் அறுவை சிகிச்சைக்காக நான் ஒரு நாள் விடுப்புக் கேட்டபோது மூன்று நாள் பதிலே தரவில்லை. பணியிடத்தில் கேளிக்கை தேவையில்லை என்பதே என் கருத்து. விடுப்புக்கு உரிய நேரத்தில் பதில் வந்தால் போதும்.

மல்லிகா, கோவை:
ஐயா, உங்கள் மேலாளர் செய்தது தவறு. அதற்குப் பலூன் என்ன செய்யும்? நான் பதினோரு ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தருமபுரியிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ முதல் வேலைக்கு வரும் பிள்ளை, நானூறு பேர் இருக்கும் தளத்தில் ஒருவர் பெயரும் தெரியாமல் மாதக்கணக்கில் கணினியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆயுத பூசையன்று பொரியும் கடலையும் பங்கிடும்போதுதான் அந்தப் பிள்ளை பக்கத்து இருக்கைக்காரரோடு முதன்முதலாகப் பேசுகிறது. பிரெஞ்சுத் தீர்ப்பும் மதுவையும் கட்டாயத்தையும் பற்றியதே அன்றி, மகிழ்ச்சிக்கு எதிரானது அன்று.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன் தொழிற்சாலையில் 1927-இல், தொலைபேசிக்கான ரிலே கருவிகளைப் பொருத்தும் ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து, இடைவேளையும் சிற்றுண்டியும் கொடுத்து, பேசிக்கொண்டே வேலை செய்ய விட்டார்கள். உற்பத்தி கூடியது. காரணம் கேட்டபோது, அதட்டும் மேற்பார்வை இல்லாத சுதந்திரத்தைத்தான் அந்தப் பெண்கள் சொன்னார்கள்.

கணக்கர்:
அம்மா, அந்தச் சோதனையின் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று அந்த ஐவரில் இருவரை 1928 ஜனவரியில் மாற்றிவிட்டு, வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். கூலிக் கணக்கும் மாறியது. முன்பு பெரிய கூட்டத்தின் உற்பத்தியோடு சேர்த்துக் கணக்கிட்ட கூலியை, இந்தச் சிறு குழுவின் உற்பத்தியை மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள். தன் உழைப்பின் பலன் தன் கைக்கே வருகிறது என்றால், யார்தான் கூடுதலாகச் செய்ய மாட்டார்கள்? எதனால் உற்பத்தி கூடியது என்ற சர்ச்சை ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் சொன்ன காரணம் மேற்பார்வையைப் பற்றியது. சிற்றுண்டியைப் பற்றியது அன்று. அது என் கட்சிக்குத்தான் சாதகம்.

முன்னாள் சேலைப் பிரிவு:
இரண்டு பேரும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் என்பது உங்கள் பேச்சிலேயே தெரிகிறது. நான் ஒன்பது ஆண்டுகள் துணிக்கடையில் நின்றேன். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயவும் கூடாது. கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சொன்ன பிறகு எங்கள் தளத்திலும் ஸ்டூல் போட்டார்கள். அதில் உட்கார்ந்தால் போதும், மேற்பார்வையாளர் எங்கிருந்தோ வந்து, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே யாரும் உட்கார மாட்டோம்.

மேல்தளத்தில் வேட்டிப் பிரிவுக்கு இருந்த மேற்பார்வையாளர், கூட்டம் குறைந்ததும் தானே முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். அவரைப் பார்த்து அங்கே எல்லோரும் உட்கார்ந்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். ஒரே முதலாளி, ஒரே சம்பளம், ஒரே சட்டம். ஆனால் தீபாவளிக் கூட்டம் முடிந்து பலர் வேலையை விட்டுப் போனது எங்கள் தளத்திலிருந்துதான். மேல்தளத்தில் சிரிக்கச் சொல்லி யாரும் போட்டி நடத்தவில்லை.

மல்லிகா, கோவை:
அண்ணா, நீங்கள் சொல்லும் மேல்தளத்தைத்தான் நானும் விரும்புகிறேன். ஆனால் தானே ஸ்டூலில் உட்காரும் மேற்பார்வையாளர் எல்லாத் தளத்துக்கும் கிடைப்பதில்லையே! அப்படிப்பட்டவர் இல்லாத இடத்தில், என்னைப் போன்றவர்கள் ஏற்பாடு செய்யும் ஒரு மணி நேரமாவது அவர்களுக்கு இருக்கட்டும் என்கிறேன். கேரம் பலகையைத் தூக்கிவிட்டால் அந்த மேலாளர் திருந்திவிடப் போவதில்லை.

கணக்கர்:
திருந்த மாட்டார்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் காட்டித்தான் அவர் தப்பித்துக்கொள்கிறார். நான் வேலையை விட்டபோது குறையைச் சொன்னேன். மாதந்தோறும் நடந்த போட்டிகளின் படங்களை எனக்குக் காட்டி, இங்கே எல்லோரும் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒரு படத்தில் நானும் பலூனோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

மல்லிகா, கோவை:
அந்தப் படத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா. எங்கள் அலுவலகத்திலும் போட்டிகளுக்கு வருகைப் பதிவு உண்டு. அதை அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தச் சொல்லி எழுதப் போகிறேன். போட்டியை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

கணக்கர்:
பதிவு இல்லாத முதல் வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணி, இங்கே வந்து சொல்லுங்கள்.