பிராகில் பிடித்த பீர் லண்டனில் ஏன் ஒட்டவில்லை? நாட்டுக்கு நாடு ருசி மாறுவது எதனால்?

வல்டாவாக்கரை:

வணக்கம். வேலைக்காகப் பிராக் வந்து கொஞ்ச காலம் ஆகிறது. அதற்கு முன்னால் எனக்குப் பீர் என்றால் சென்னையில் கிடைக்கும் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில்தான், அதையும் பல் கூசுகிற கூலிங்கில் கேட்டு வாங்குவோம். இங்கே அலுவலகத்துக்குப் பக்கத்துப் பப்பில் பில்ஸ்னர் என்ற பொன்னிறப் பீர் குடிக்க ஆரம்பித்தேன். கசப்பு முதலில் மிரட்டியது, ஆனால் அது அடங்கியதும் பின்னாலேயே மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இனிப்பு மெதுவாக ஏறி வருகிறதே, அதற்காகவே இப்போது போகிறேன். கிளாஸில் நல்ல தடிமனாக நுரை வைத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஊற்றினால் அளவு குறைகிறது என்று சண்டைக்குப் போவோம், இங்கே நுரை இல்லாவிட்டால்தான் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. போதை விஷயத்திலும் ஆச்சரியம், பில்ஸ்னர் உர்க்வெல் வெறும் 4.4 சதவீதம்தான், ஆனால் குடித்த திருப்தி முழுசாக இருக்கிறது.

போன மாதம் லண்டன் போயிருந்தேன். கூட வந்தவர் கையால் இழுக்கிற பம்ப்பில் வரும் ஏல் என்ற ஆங்கிலேய வகைப் பீர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது, கேஸே இல்லை, பாதிக்கு மேல் இறங்கவில்லை. அவரோ அதைத்தான் உலகத்திலேயே நல்ல பீர் என்கிறார். அப்புறம் திரும்பும் வழியில் கடையில் ஒரு பச்சைப் பாட்டில் லாகர் வாங்கினேன், மூடியைத் திறந்ததுமே ஒரு கெட்ட வாடை.

என் கேள்வி இதுதான். எல்லாமே பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர். பிறகு எப்படி இவ்வளவு தூரம் விலகிப் போகிறது? வெறும் பழக்கமா, இல்லை உண்மையிலேயே செய்முறையில் ஏதாவது இருக்கிறதா? அடுத்து பிரஸல்ஸ் போகும் திட்டம் இருக்கிறது, அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஆசை.

மால்ட்மூட்டை:

பெங்களூரில் ஒரு மைக்ரோபிரூவரியில் வேலை பார்க்கிறேன், பிடித்த விஷயம் என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

பழக்கம் பாதி. மீதியில் பெரிய பங்கு தண்ணீருக்கு. பில்ஸ்னர் பிறந்த செக் நாட்டுப் பில்சென் ஊர்த் தண்ணீரில் தாது உப்புகள் மிக மிகக் குறைவு. 1842ல் யோசஃப் க்ரோல் என்ற பவேரியாக்காரர் அங்கே வந்து, வெளிறிய மால்ட்டையும் ஜாதெட்ஸ் பகுதி ஹாப்ஸையும் அந்தத் தண்ணீரில் சேர்த்துக் குளிரில் புளிக்க வைத்துப் பொன்னிற லாகரைக் கொண்டுவந்தார், இன்றைக்கு உலகத்தில் விற்கிற லாகரில் பெரும்பகுதி அதன் வழிவந்ததுதான். அவ்வளவு ஹாப்ஸ் போட்டும் கசப்பு குத்தாமல் உருண்டு போவதற்கு அந்தத் தண்ணீர் ஒரு முக்கியக் காரணம். இங்கிலாந்தில் பர்ட்டன் அபான் ட்ரென்ட் என்று ஓர் ஊர், அங்கே தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதே ஹாப்ஸை அதில் போட்டால் கசப்பு கூராகவும் வறண்டும் நிற்கும், பேல் ஏலுக்கு (லாகர் மாதிரிக் குளிரில் இல்லாமல் கொஞ்சம் வெப்பத்தில் புளிக்கும் வெளிறிய ஏல்) அந்த ஊர் பெயர் வாங்கியது அதனால்தான். டப்ளின் தண்ணீரில் கார்பனேட் அதிகம், வெளிறிய மால்ட்டுக்கு ஒத்துவராது, ஆனால் வறுத்த தானியத்தில் இருக்கிற அமிலம் அதைச் சரிக்கட்டிவிடும், எனவே அங்கே கருப்பு ஸ்டவுட் நன்றாக வந்தது. இப்போது யாரும் ஊர்த் தண்ணீரை நம்பி இல்லை, நாங்களே ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகளை அளந்து போட்டுத்தான் காய்ச்சுகிறோம். ஆனால் இந்த வசதியெல்லாம் வருவதற்கு முன்பே அந்தந்த ஊர் நாக்கு ஒரு ருசிக்குப் பழகிவிட்டது.

நுரை பற்றிச் சொன்னீர்கள், அடுத்த முறை ஊற்றுகிறவர் கையைக் கவனியுங்கள். செக் குழாயின் கைப்பிடி பக்கவாட்டில் திரும்பும், கொஞ்சமாகத் திறந்தால் ஈரமான நுரை மட்டும் வரும், முழுக்கத் திறந்தால் பீர். முதலில் நுரையை இறக்கிவிட்டு, குழாய் மூக்கை அந்த நுரைக்கு அடியிலேயே வைத்துப் பீரை நிரப்புவார்கள். பீர் காற்றைத் தொடாமலே மேலே ஏறும். இப்படி ஊற்றுவதற்கு ஹ்லாடின்கா என்று பெயர். கிட்டத்தட்ட முழுக் கிளாஸும் நுரையாகவே கொடுக்கிற ம்லீகோ என்று ஒன்றும் உண்டு, நுரை அடங்குவதற்குள் மடமடவென்று குடித்துவிட வேண்டும், பீரா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு இனிப்பாக இருக்கும்.

நம் ஊர் ஸ்ட்ராங் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் விற்பதில் பெரும்பங்கு ஸ்ட்ராங்தான், 8 சதவீதம் வரை போகும். கொடுத்த காசுக்கு ஏறவேண்டும் என்று வாங்குகிறவர் கேட்கிறார், கம்பெனி அதைக் கொடுக்கிறது. அரிசி, சோளம், சர்க்கரை என்று சேர்த்து, ஹாப்ஸைக் குறைத்து, ஆல்கஹாலை ஏற்றினால் தொண்டையில் ஒரு சூடும் இனிப்பும் நிற்கும், அதை மறைக்கத்தான் அந்தக் கூலிங். குளிர் ஏற ஏற நாக்கு மரத்துப்போகும். அதே பாட்டிலை பத்து டிகிரியில் வைத்துக் குடித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். நம் வெயிலுக்கு நாலரை சதவீதத்தில் நல்ல கசப்போடு ஒரு லாகர் எல்லாக் கடையிலும் கிடைக்கவேண்டும் என்பது என் தீராத ஆசை.

பச்சைப் பாட்டில் வாடைக்குக் காரணம் வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து கந்தக வாடை அடிக்கிற ஒரு பொருளாக மாறுகிறது. பழுப்பு பாட்டில் நன்றாகவே தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. கடையில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கிற பச்சைப் பாட்டிலைத் தொடாதீர்கள், டின் எடுங்கள்.

தேம்ஸ்தெற்கு:

வெதுவெதுப்பு என்று எழுதியதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பீப்பாயிலிருந்து பம்ப்பில் இழுக்கிற அந்தக் கேஸ்க் ஏலை நிலவறையில் 11 முதல் 13 டிகிரியில் வைப்பார்கள், அது குளிர்ச்சிதான், பிராகில் வருகிறதைவிட டிகிரி கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. கேஸ் இல்லை என்பதும் சரியில்லை. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பப்பின் நிலவறையில் வைத்தே இரண்டாவது முறை புளிக்கும், அதில் வருகிற மெல்லிய கேஸ் மட்டும்தான், வெளியிலிருந்து ஏற்றுவது கிடையாது. நாக்கில் கேஸ் பொரியாததால்தான் அந்த ஹாப்ஸின் மண் வாசனையும் ஈஸ்ட் கொடுக்கிற பழ வாசனையும் தெரிகிறது. 4 சதவீதத்துக்குள் இவ்வளவு ருசியைக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பீப்பாயைத் திறந்தால் காற்று உள்ளே போகும், மூன்று நாளுக்குள் தீரவேண்டும். கூட்டம் வராத பப்பில் ஐந்தாம் நாள் பீரையும் இழுத்துக் கொடுத்துவிடுவார்கள், அப்போது வினிகர் மாதிரித்தான் இருக்கும். உங்களுக்குக் கிடைத்தது அதுவாக இருக்கலாம். கூட்டம் அலைமோதுகிற பப்பாகப் பாருங்கள், அங்கே எது அதிகமாக ஓடுகிறதோ அதில் முதலில் அரை பைன்ட் மட்டும் கேளுங்கள். தென்பக்கம் வந்தால் லூயிஸ் ஊர் ஹார்வீஸ் சஸெக்ஸ் பெஸ்ட், வடக்கே யார்க்ஷயர் போனால் டிமதி டெய்லர்ஸ் லேண்ட்லார்ட். வடக்கில் குழாய் முனையில் சின்னத் துளைகள் உள்ள ஒரு மூடி போட்டு இழுப்பார்கள், கெட்டியான நுரை வரும். செக் கிளாஸுக்குப் பழகிய உங்களுக்கு அது பிடிக்கும். தெற்கில் அந்த மூடியைக் கண்டாலே சண்டை. ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி.

ருசியைத் தண்ணீர் மட்டும் தீர்மானிக்கவில்லை, வரியும் தீர்மானிக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து இங்கே எல்லா மதுவுக்கும் ஆல்கஹால் அளவை வைத்துத்தான் வரி, 3.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு. உடனே சில கம்பெனிகள் பழைய பீர்களை 3.4க்கு இறக்கிவிட்டன. நான் பல வருடம் விரும்பிக் குடித்த ஒன்றும் அதில் சேர்ந்துவிட்டது. நடுவில் இருந்த மால்ட் இனிப்பு போய், முதலில் கசப்பு, கடைசியில் தண்ணீர் என்று ஆகிவிட்டது. இதை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

மால்ட்மூட்டை:

வரி பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஜப்பானைப் பாருங்கள். மால்ட் எவ்வளவு போடுகிறார்கள் என்பதை வைத்து வரி போட்டதால், மால்ட்டைக் குறைத்து ஹப்போஷு என்று ஒரு வகையையே உண்டாக்கினார்கள். பிறகு அதற்கும் வரியை ஏற்றியதும், மால்ட்டே இல்லாமல் பட்டாணிப் புரதம், சோயா என்று போய்விட்டார்கள். கசப்பு நாக்கில் தங்காமல் சட்டென்று அறுந்துபோகிற ருசிக்கு 1987ல் வந்த அசாஹி சூப்பர் டிரை ஏற்கெனவே அங்கே எல்லோரையும் பழக்கியிருந்தது, அதனால் மெலிந்த பீரை வித்தியாசமாக யாரும் நினைக்கவில்லை என்பது என் எண்ணம்.

ரைன்பாலம்:

நாட்டுக்கு நாடு என்று ஏன் போகிறீர்கள், ஜெர்மனியில் நான் இருக்கிற ட்யூஸல்டார்ஃபிலிருந்து கொலோன் நாற்பது கிலோமீட்டர்தான். இங்கே ஆல்ட், செம்பு நிறம், நல்ல கசப்பு, பழைய நகரத்தில் ஊரிகே என்ற இடத்தில் கிடைப்பது இன்னும் கசக்கும். அங்கே கோல்ஷ், வெளிறிய பொன் நிறம், மென்மை. இரண்டுமே ஏல் ஈஸ்ட்டில் புளிக்க வைத்துப் பிறகு குளிரில் ஊறப்போடுவதுதான், செய்முறையில் பங்காளிகள், ஆனால் இங்கே பாரில் உட்கார்ந்து கோல்ஷ் கேட்டால் முறைப்பார்கள். கிளாஸும் சின்னது, கோல்ஷுக்கு 200 மில்லி. காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்துவிடும், போதும் என்றால் கிளாஸ் மேல் அட்டையை வைத்து மூடவேண்டும். சின்னக் கிளாஸில் கொடுப்பதால் கடைசி வாய் வரைக்கும் பீர் புதுசாக இருக்கிறது, மியூனிக்கில் கொடுக்கிற ஒரு லிட்டர் மக்கில் கடைசிக் கால் பங்கு செத்துப்போயிருக்கும். அந்த ஊர் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கண்டிப்பெடியன்:

வணக்கம் அண்ணா. கண்டியில் வளர்ந்தவன், இப்ப டொரொண்டோவில் இருக்கிறேன். ஸ்டவுட்டைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டப்ளினில் குழாயில் வருகிற கின்னஸ் 4 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், நைட்ரஜன் கலந்து விடுவதால் நுரை மெத்தென்று இருக்கும், குடிக்க லேசான பியர். இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். நுவரெலியாக் குளிரில் வெள்ளைக்காரத் துரைமாருக்காகத் தொடங்கின பியர் வேலை பிறகு கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவுக்குப் போனது. வறுத்த கோப்பி, கறுப்புச் சொக்லேட், அதோடு ஒரு கனமான இனிப்பு. வெயில் நாட்டில் கனமான கறுப்பு பியர் எப்படி நிலைத்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கப்பலில் தூரதேசத்துக்கு அனுப்பக் கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும் என்று ஆல்கஹாலும் ஹாப்ஸும் கூட்டிக் காய்ச்சின ஸ்டவுட் முதலில் கரீபியன், ஆபிரிக்கா, ஆசியா என்று போய் இறங்கியது, அந்த ருசிக்குச் சனம் பழகிவிட்டது, பிறகு அந்தந்த நாட்டிலேயே காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். ஜமேக்காவின் டிராகன் ஸ்டவுட்டும் இதே வழிதான், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வயதானவர்கள் இன்றைக்கும் கறுப்புப் போத்தல்தான் கேட்பார்கள்.

நைஜீரியாக் கின்னஸைக் கட்டாயம் ஒருமுறை தேடிக் குடியுங்கள், 7.5 சதவீதம். 1988ல் அந்த நாட்டு அரசாங்கம் பார்லி இறக்குமதியை நிறுத்தியதால் அங்கே விளைகிற சோளத்தையும் மக்காச்சோளத்தையும் வைத்துக் காய்ச்சப் பழகினார்கள், கறுப்பு ருசிக்கான சாறு மட்டும் டப்ளினில் இருந்து போகும். எங்கட வேலைத்தலத்தில் லாகோஸ்காரர் ஒருவர் இருக்கிறார், அயர்லாந்துக் கின்னஸைக் குடித்துவிட்டு இதில் ஒன்றுமே இல்லையே என்கிறார். அவருடைய நாக்கில் அதுதான் உண்மையான கின்னஸ், நான் அதை மறுக்கவே மாட்டேன்.

லயனை ஐஸ் மாதிரிக் குளிராக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள், உறைப்பாக டெவல் பண்ணின கணவாயோடு குடித்துப் பாருங்கள்.

வல்டாவாக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஊற்றுகிறவர் கையைக் கவனித்தேன், மால்ட்மூட்டை சொன்னது அப்படியே. லண்டன் பீருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறேன். பிரஸல்ஸ் பற்றி யாருமே சொல்லவில்லையே? லாம்பிக் என்று ஒன்று புளிக்கும் என்கிறார்கள், பீர் புளித்தால் கெட்டுப்போனது என்றுதானே இத்தனை நாள் நினைத்தோம்?

சென்னைப்பட்டறை:

பிரஸல்ஸில் படித்தவன் நான், இதற்கு நான் பதில் சொல்கிறேன். லாம்பிக்கில் ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. காய்ச்சிய சாற்றைக் கூரைக்கு அடியில் பெரிய ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஒரு ராத்திரி திறந்து வைப்பார்கள், காற்றிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் நுண்ணுயிர்கள் விழுந்து அதுவாகப் புளிக்க ஆரம்பிக்கும். கோடையில் கெட்ட கிருமி ஏறிவிடும் என்பதால் குளிர் மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். அப்புறம் மரப் பீப்பாயில் வருடக் கணக்கில் கிடக்கும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஊறியவற்றைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். இளசில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை மீதி இருக்கும், அது பாட்டிலுக்குள் புளித்து கேஸ் கொடுக்கும், பழசு ஆழத்தைக் கொடுக்கும்.

கள் குடித்தவர்களுக்கு இது அந்நியமே இல்லை. பானையில் இறங்கிய பாளைச் சாறு யாரும் ஈஸ்ட் போடாமலே அரை நாளில் பொங்கிக் கள்ளாவது இதே வழிதான், கள் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், லாம்பிக் மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்பும் புளிப்பும் எனக்கு முதல் வாயிலேயே பிடிபட்டதற்குப் பாலக்காட்டில் குடித்த கள்தான் காரணம் என்று நம்புகிறேன். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை, அந்த ருசி தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது, எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

அண்டர்லெக்ட் பகுதியில் காந்தியோன் என்ற குடும்பப் பிரூவரி 1900லிருந்து இருக்கிறது, உள்ளே போய்த் தொட்டியையும் பீப்பாய்களையும் பார்க்கலாம், அங்கேயே குடிக்கவும் கிடைக்கும். முதலில் கேஸ் இல்லாத நேர் லாம்பிக் ஒரு சின்னக் கிளாஸ், பிறகு கூஸ், பிறகு செர்ரி போட்ட கிரீக், இந்த வரிசையில் போங்கள். கிரீக் என்றதும் இனிப்பை எதிர்பார்க்காதீர்கள், அங்கே சர்க்கரை சேர்ப்பதில்லை, செர்ரியின் புளிப்பு மட்டும்தான். ஊருக்கு வாங்கிப் போனால் பெட்டியில் படுக்கையாக வைத்தாலும் பரவாயில்லை, ஆனால் திறக்கும் முன் ஒரு நாள் நிறுத்தி வையுங்கள், அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும்.